வெயிலில் உழைப்பவர்களின் தோலுக்குத் தக்காளியும் நெல்லிக்காயும்: உண்ணும் முறை

காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் கரையோரத்திலும் வலை பழுதுபார்ப்பவர்கள், கருவாடு காயவைப்பவர்கள் ஆகியோர்மீது வெயில் மேலிருந்து மட்டும் விழுவதில்லை. உலர்ந்த மணல் புற ஊதாக் கதிர்களில் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதால், குடை நிழலில் அமர்ந்திருப்பவரின் முகத்தையும் அவை எட்டுகின்றன. தோலுக்குள் அவை உண்டாக்கும் நிலையற்ற ஆக்சிஜன் மூலக்கூறுகள் தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் இழைகளையும் செல்களின் டிஎன்ஏவையும் சிதைக்கின்றன. தாவர நிறமிகளும் வைட்டமின்களும் அம்மூலக்கூறுகளை ஓரளவு அடக்கக்கூடியவை. எனினும், சமைக்கும் முறை தவறினால் அவற்றில் பெரும்பகுதி உடலில் சேராது.

தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் என்ற நிறமி கொழுப்பில் கரைவது. வேகாத பழத்தின் செல்சுவர்களுக்குள் சிக்கியிருக்கும் அது, நன்றாக வதங்கி எண்ணெயோடு கலந்த பிறகே குடலில் எளிதாக உறிஞ்சப்படுகிறது. 2001இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், நாள்தோறும் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயுடன் உண்டவர்களுக்குப் புற ஊதாக் கதிரால் தோல் சிவப்பது, எண்ணெயை மட்டும் உண்டவர்களைவிட 10 வாரங்களுக்குப் பின் 40 சதவீதம் குறைவாக இருந்தது; நான்காம் வாரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே பொறுமை வேண்டும், ஆலிவ் எண்ணெய் வேண்டியதில்லை. நல்லெண்ணெயில் சுருள வதக்கிய தொக்கே போதும். தினமும் உண்பதால் உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளவும். முருங்கைக்கீரையிலுள்ள பீட்டா கரோட்டின் என்ற நிறமியும் கொழுப்பில் கரைவதே என்பதால், கீரையை வெறும் நீரில் வேகவைத்து இறக்காமல் எண்ணெயும் தேங்காயும் சேர்த்துப் பொரியலாக்குவது நல்லது.

நெல்லிக்காய்க்கு இதற்கு நேர்மாறான முறையே பொருந்தும். வைட்டமின் சி நீரில் கரைந்துபோகும், சூட்டில் சிதையும். எனவே வேகவைக்காமல் அப்படியே கடித்துத் தின்பதே சிறந்தது.

புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். 1994இல் வெளியான பின்லாந்து ஆய்வில், அவற்றை உட்கொண்ட புகைபிடிப்போரிடையே நுரையீரல் புற்றுநோய் கூடுதலாகவே காணப்பட்டது. காய்கறியாக உண்பதில் அந்த அச்சமில்லை.

பலரும் பரிந்துரைக்கும் எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெளியே செல்லவே கூடாது. அதிலுள்ள ஃபியூரானோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கி, மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டுகளை விட்டுச்செல்லக்கூடும்.

இவ்வுணவுகள் எவையும் சன்ஸ்கிரீனுக்கு மாற்றல்ல. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெளியே இருப்பவர்கள் முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் அணிந்து, துணி மறைக்காத இடங்களில் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்புத் திறன் அளவு) 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் களிம்பைத் தாராளமாகப் பூசி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்வையில் கரைந்துவிட்டால் உடனேயும், மீண்டும் பூசிக்கொள்ள வேண்டும்.