மாநிலம் கடந்து விற்போர் வரியில் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் இருந்துகொண்டு பல மாநிலங்களுக்குச் சரக்கு அனுப்பும் வணிகர்கள் பலர், எந்த மாநிலம் தங்களிடம் வரி கேட்கலாம் என்பதற்கு ஒரே விதிதான் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். விற்பனை வரிக்கான வரம்பு வேறு, நிகர வருமான வரிக்கான வரம்பு வேறு.

"அங்கே எனக்குக் கடையும் இல்லை, கிடங்கும் இல்லை, ஆளும் இல்லை, பிறகு ஏன் விற்பனை வரி?" என்ற வாதத்துக்கு 1992-இல் குவில் வழக்கின் தீர்ப்பு துணை நின்றது. 2018-இல் வேஃபேர் வழக்கில் உச்ச நீதிமன்றமே அதை நீக்கிவிட்டது. அந்த வழக்குக்குக் காரணமான தெற்கு டகோட்டா சட்டம், ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு மேல் விற்றாலோ 200 விற்பனைகளை எட்டினாலோ வரி வசூலித்துக் கட்டச் சொன்னது. இந்த எண்களை எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாகக் கொள்வதும் தவறுதான். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் வரம்பு 5,00,000 டாலர். 200 என்ற கணக்கைத் தெற்கு டகோட்டாவே 2023-இல் கைவிட்டுவிட்டது. இணையச் சந்தை நிறுவனத்தின் கிடங்கில் உங்கள் சரக்கு இருந்தால், எந்த வரம்பையும் எட்டாமலேயே, வரி கேட்கப் போதுமான தொடர்பு அந்த மாநிலத்தோடு ஏற்பட்டுவிடக்கூடும்.

வருமான வரிக்கு 1959-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய 86-272 ஆம் பொதுச் சட்டம் ஒரு கேடயம். பிரதிநிதி ஒருவர் ஆர்டர் மட்டும் கேட்டு வாங்கி, அதை ஏற்பதும் சரக்கை அனுப்புவதும் வெளி மாநிலத்திலிருந்தே நடந்தால், நிகர வருமானத்தின் மீது வரி விதிக்க முடியாது. ஆனால் இந்தக் கேடயம் மெல்லியது. சூயிங்கம் தயாரிக்கும் ரிக்லி நிறுவனத்தின் பிரதிநிதிகள், விஸ்கான்சின் கடைகளில் பழசாகிப்போன கம்மை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள்; சில நேரங்களில் கையிருப்பிலிருந்து அலமாரியை நிரப்பிப் பில்லும் போட்டார்கள். அப்படி விற்றது ஆண்டுக்குச் சில நூறு டாலர்தான். ஆனாலும் இவை ஆர்டர் கேட்பதன் பகுதியல்ல, அற்பமானவையுமல்ல என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, நிறுவனம் பாதுகாப்பை இழந்தது. சேவை விற்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது. ஒஹையோவைப் போல மொத்த வரவின் மீது வரி போடும் மாநிலங்களிலும் உதவாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: நோட்டீஸ் வந்தவுடன் கேட்ட தொகையை அப்படியே கட்டிவிடுவது. போதிய தொடர்பு, மாநிலங்களுக்கிடையே நியாயமான பங்கீடு, பாகுபாடின்மை, மாநிலம் தரும் வசதிகளோடு பொருத்தம் என்று 1977-இல் கம்ப்ளீட் ஆட்டோ வழக்கு வகுத்த நான்கு அளவுகோல்கள் இன்றும் செல்லும். மொத்த லாபத்தையும் ஒரே மாநிலம் தன் கணக்கில் சேர்த்திருந்தால், பங்கீட்டைக் காட்டி மறுக்கலாம்.

பழைய பாக்கி இருப்பது தெரிந்தும் பேசாமல் இருப்பதுதான் இவற்றில் ஆபத்தானது என்பேன். படிவமே தாக்கல் செய்யாதவர்களுக்குப் பழைய வரியை மாநிலம் கேட்பதற்கான காலவரம்பு பொதுவாக ஓடத் தொடங்குவதில்லை. தாமாக முன்வந்து ஒப்புக்கொள்பவர்களிடம் பல மாநிலங்கள் சில ஆண்டுகளுக்கு மட்டுமே வரி கேட்டு, அபராதத்தையும் விட்டுக்கொடுக்கின்றன. ஆனால் மாநிலத்தின் கடிதம் முந்திக்கொண்டால் அந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்காது.