காட்டிய பல்லோடு நின்றுவிடாதீர்கள்: வாய், முக நோய்களை இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் கொதி தாங்க முடியாமல் வருபவர் விரலால் ஒரு பல்லைத் தொட்டுக் காட்டி, அதைப் பிடுங்கிவிடும்படி கேட்பதும், கேட்டபடியே அது பிடுங்கப்படுவதும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பல் சிகிச்சை நிலையங்களில் அன்றாடம் நடப்பவை. நீண்ட வரிசை, அன்றைக்கே வயலுக்கோ கடலுக்கோ திரும்ப வேண்டிய நோயாளி, ஓய்வில்லாத வைத்தியர் என்று அதற்குக் காரணங்கள் உண்டு. பெரும்பாலும் காட்டிய பல்லே நோயுற்ற பல்லாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பல்லுக்கு அப்பால் பாராமல் விடுவதே வாய், முகம், தாடை சார்ந்த நோய்களை இனங்காண்பதில் நேரும் முதற் தவறு என்பேன். கீழே சொல்லப்படும் தவறுகளில் பலவும் அதிலிருந்தே கிளைப்பவை.

விருந்தினரை வெற்றிலை வட்டா வைத்து வரவேற்கும் ஊர்கள் நம்முடையவை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த கலவையைக் கொடுப்புக்குள் மணிக்கணக்கில் அடக்கி வைத்திருப்பவர்களுக்குப் புற்றுநோய் பெரும்பாலும் அந்தக் கன்னத்தின் உட்புறத்திலேயே தொடங்குகிறது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய் என்றிருக்க, வெற்றிலைக் கறை படிந்த பற்களைப் பார்த்த பின்னும் கன்னத்தை விலக்கிப் பாராதிருப்பதற்கு நியாயம் இல்லை. கட்டுப்பல் இருந்தால் அதைக் கழற்றச் செய்து, இரு கன்னங்களின் உட்புறம், கடைவாயின் பின்மூலை, அண்ணம், துணியால் பிடித்து இழுத்த நாக்கின் இரு விளிம்புகள், நாக்கின் அடி ஆகியவற்றைப் பார்த்து, தாடையின் கீழும் கழுத்திலும் கட்டிகள் உண்டா என்று தடவிப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே செல்லும். துடைத்தால் போகாத வெண்படலம் எளிதில் கண்ணில் படும். பட்டுத் துணிபோல் சிவந்த சிறு திட்டு அவ்வாறு படாது. வெறும் அழற்சி என்று அது ஒதுக்கப்படுகிறது. உண்மையில் வெண்படலத்தை விடச் சிவந்த திட்டிலேயே புற்றுநோய் மாற்றம் மிக அதிகமாகக் காணப்படுகிறது. இரண்டுமே தொடக்கத்தில் வலிப்பதில்லை என்பதால், நோவில்லாதது தீங்கில்லாதது என்று நோயாளி எண்ணிக்கொண்டிருப்பார்.

ஆறாத புண்ணுக்குப் பூச்சு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதும், விற்றமின் மாத்திரைகளால் மாதங்களைக் கடத்துவதும் அடுத்த தவறு. கூரான பல் முனையோ கட்டுப்பல்லின் விளிம்போ உரசி வந்த புண்ணாயின், அந்தக் காரணத்தை நீக்கிய இரண்டு கிழமைகளுக்குள் அது ஆறத் தொடங்கியிருக்க வேண்டும். ஆறாவிட்டால், மேலும் மருந்து எழுதுவதை விட்டு இழையத் துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், அல்லது அதற்கு வசதியுள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஈறு நோய் வேறெங்கும் இல்லாதவரிடம் ஒரு பல் மட்டும் ஆடுவதும், கீழுதட்டில் காரணமின்றி மரத்த உணர்வு தோன்றுவதும் இதே வகையான எச்சரிக்கைகள். எக்ஸ்ரே எடுக்காமல் அந்தப் பல்லைப் பிடுங்கினால், தாடைக்குள் இருந்த கட்டி பல் குழியின் வழியே வெளியே வளர்ந்து வந்த பின்னரே உண்மை தெரியவரும்.

கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்ற அச்சம் நம்மூர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. துண்டு எடுத்துப் பரிசோதிப்பதைத் தள்ளிப்போட்டு, பரியாரியின் பற்றும் கொப்பளிப்பும் செய்து காத்திருப்பவருக்கு நோயைப் பரவ விடுவது அந்தக் காத்திருப்புத்தான். ஒரு சிறு வெட்டு அன்று. வைத்தியர் பக்கத்திலும் இங்கே தவறுகள் உண்டு. புண்ணின் அழுகிய நடுப்பகுதியிலிருந்து துண்டை எடுத்தால் ஆய்வுகூடத்தால் எதையும் சொல்ல இயலாது. நல்ல இழையமும் சேரும்படி விளிம்பிலிருந்து எடுத்து, உடனே 10 சதவீத ஃபோர்மலினில் இட வேண்டும், தண்ணீரில் இடலாகாது. புற்றுநோய் என்று ஐயுறும் சிறு புண்ணை முழுவதுமாக வெட்டியெடுத்த பின் அனுப்பினால், அது எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்று சத்திரசிகிச்சை நிபுணர் பின்னர் அறிய முடியாமற் போகும்.

புகையிலை போடாமல் வெறும் பாக்கு மெல்லுவதில் ஆபத்தில்லை என்று நம்புபவர்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில், பாக்கே மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. பாக்கினால் வரும் வாய் நார்த்திசு நோய் இன்னும் அதிகம் தவறவிடப்படுகிறது. முதலில் உறைப்புக் கறி பட்டால் வாய் எரியும். இதை இரைப்பைக் கோளாறு அல்லது விற்றமின் குறைபாடு என்று கருதி மருந்து கொடுக்கிறார்கள். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறி விறைத்து, மூன்று விரல்கள் நுழைய வேண்டிய வாய்க்குள் இரண்டு விரல்கூட நுழையாமல் போகும். மேல், கீழ் முன்பற்களுக்கு இடையிலான தூரத்தை ஒவ்வொரு வருகையிலும் அளந்து மில்லிமீற்றரில் குறிக்காவிட்டால் நோய் முன்னேறுவதே தெரியாது. பாக்கை நிறுத்தினாலும் இறுகிய திசு முன்போல் தளர்ந்துவிடாது; ஆயினும் மேலும் இறுகுவதைக் குறைக்கலாம், வாய் திறக்கும் பயிற்சிகளும் உதவும். இவர்களைப் புற்றுநோய்க்காகத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். வேறு ஏதேனும் சத்திரசிகிச்சைக்கு இவர்கள் போகும்போது, வாய் திறவாமை பற்றி மயக்க மருந்து நிபுணருக்கு முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். சுவாசக் குழாய் செலுத்துவது மிகக் கடினமாகும்.

பல்லில் உணரப்படும் நோவெல்லாம் பல்லிலிருந்து வருவதில்லை. முகம் கழுவும்போதும் சவரம் செய்யும்போதும் காற்றுப் படும்போதும் மின்னல் வெட்டியதுபோல் சில விநாடிகள் தாக்கி மறையும் வலி, மூன்று கிளைகளாய் முகத்தில் பரவும் நரம்பில் எழும் முந்நரம்பு வலியாக இருக்கக்கூடும். இதைப் பல் வலியென்று கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களைப் பிடுங்கக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். விறைப்பு ஊசி போட்டதும் வலி நிற்பதைப் பல் நோய்க்குச் சான்றாகக் கொள்வது கூடாது. தூண்டும் இடம் மரத்துப்போனால் நரம்பு வலியும் தற்காலிகமாக நிற்கும். இதற்குக் கார்பமசபின் முதன்மையான மருந்து; ஆனால் தோலில் தடிப்பு எழுந்தால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் வர வேண்டும் என்று சொல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது. மேல் கடைவாய்ப் பற்கள் பல சேர்ந்து வலித்து, குனியும்போது அது கூடினால் மூக்கருகுக் காற்றறைகளில் அழற்சி உண்டா என்று பார்க்க வேண்டும். மண்வெட்டி பிடிக்கும்போது அல்லது படி ஏறும்போது தாடையில் தொடங்கி, ஓய்ந்ததும் அடங்கும் வலிக்கு முதலில் இருதயத்தையே பரிசோதிக்க வேண்டும்.

முக வீக்கத்தில் நாள்கள் அல்ல, மணித்தியாலங்களே முக்கியம். பல்லின் உட்கூழ் அழற்சியால் வரும் கொதிக்கு அன்டிபயோட்டிக் பயன் தராது. பல்லுக்குள் செய்ய வேண்டிய வேலையைச் செய்தாலே அது அடங்கும். பாமசியில் நாலைந்து அமொக்சிசிலின் குளிகைகளை வாங்கி விழுங்கி, கன்னத்தில் சூட்டு ஒத்தடம் கொடுத்து நாளைக் கடத்தும் பழக்கத்தால், சீழ் தாடையின் அடிக்கு இறங்குவது கவனிக்கப்படாமல் போகிறது. நாடியின் கீழ் இரு பக்கமும் பலகைபோல் இறுகி வீங்குதல், நாக்கு மேலெழுதல், உமிழ்நீரை விழுங்க முடியாமை, குரல் மாறுதல் ஆகியவை மூச்சுக்குழல் அடைபடப் போவதன் அறிகுறிகள். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து வாவி கடந்து வர வேண்டியவர்கள் விடியட்டும் என்று காத்திராமல் நேரே பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்களில் இது இன்னும் விரைவாக மோசமடையும்.

கிளினிக் கொப்பியைப் பாராமல் சிகிச்சை தொடங்குவதும் ஆபத்தானது. இரத்தம் உறையாதிருக்க எடுக்கும் வாபரினையோ அஸ்பிரினையோ பல் பிடுங்குவதற்காக நோயாளி தாமாக நிறுத்தினால் பக்கவாதமோ மாரடைப்போ வரலாம். இரத்தக் கசிவைப் பல் குழியிலேயே கட்டுப்படுத்த வழிகள் உள்ளன. எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேற் எடுப்பவரின் தாடை எலும்பு பல் பிடுங்கிய பின் ஆறாமல் போகக்கூடும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினால் ஈறு தடிக்கக்கூடும். அதை ஈறு நோயென்று மட்டும் கருதிச் சுத்தம் செய்துகொண்டிருந்தால் முழுப் பலன் கிடைக்காது.

வாய்ப் புற்றுநோய் உறுதியான பின்பும் பல் வைத்தியரின் வேலை முடிவதில்லை. கதிர்ச் சிகிச்சை தொடங்குமுன் காப்பாற்ற முடியாத பற்களைப் பிடுங்கி, காயம் ஆறுவதற்கு இரண்டு கிழமைகளேனும் விட வேண்டும். கதிர் பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குன்றிவிடுவதால், பல ஆண்டுகள் கழித்துப் பிடுங்கினாலும் அந்த எலும்பு அழுகிப்போகக்கூடும். ஆகவே கழுத்திலோ முகத்திலோ கதிர்ச் சிகிச்சை பெற்றிருப்பவர் எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும், பல்லைக் காட்டுமுன் அதைச் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் வைத்தியர் கேட்க வேண்டும்.