ஃப்ளாக் ஃபுட்பால்: பத்துப் பேர் சேர்ந்து பூங்காவில் ஆடத் தொடங்குவது எப்படி?

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் திங்கட்கிழமை அலுவலகப் பேச்சு முழுக்க அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்எஃப்எல்தான். யார் எந்தப் பந்தைக் கோட்டைவிட்டார், நான்காவது டவுனில், அதாவது கடைசி வாய்ப்பில், எதற்காக அப்படித் துணிந்தார்கள் என்று மதியம் வரை ஓடும். அந்தப் பேச்சில் கலந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: டிவி முன்னால் உட்கார்ந்து விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, பந்தை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போங்கள். ஒரு மணி நேரம் ஆடினாலே பாதி விளங்கிவிடும்.

அதற்கு ஹெல்மெட்டும் தோள்கவசமும் வேண்டியதில்லை. அமெரிக்கன் ஃபுட்பாலின் எளிய வடிவமான ஃப்ளாக் ஃபுட்பாலில் ஆளைக் கீழே தள்ளுவது கிடையாது. பந்து வைத்திருப்பவரின் இடுப்பில் தொங்கும் ஃப்ளாக்கை, அதாவது துணிப்பட்டையை, எதிரணி பிடுங்கிவிட்டால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, கிரிக்கெட்டோடு இதையும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்த்துவிட்டது. ஆண்கள், பெண்கள் இரு பிரிவும் உண்டு. அங்கே ஆடப்போகும் ஐவர் ஆட்டத்தைத்தான் இங்கே விளக்குகிறேன்.

1. என்னென்ன வேண்டும்

ஒரு பந்து, ஆளுக்கொரு ஃப்ளாக் பெல்ட், எட்டுப் பத்து கோன்கள். பெரியவர்களுக்கான முழு அளவுப் பந்து ஏறக்குறைய 400 கிராம், நுனியிலிருந்து நுனி வரை சுமார் 28 செ.மீ. கை சிறியதாக இருந்தால் ஒரு அளவு குறைவான பந்தை வாங்குங்கள். பந்தின் மேல் விரல் அடங்காவிட்டால் எறிதல் ஒருநாளும் சரியாக வராது.

பெல்ட்டை முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது. இழுத்தால் ஃப்ளாக் உடனே கையோடு வர வேண்டும். சட்டையை உள்ளே சொருகிக்கொள்ளுங்கள். பாக்கெட் இல்லாத ஷார்ட்ஸ் போடுங்கள். ஃப்ளாக்கைப் பிடிக்க வரும் விரல் பாக்கெட்டில் சிக்கினால் எலும்பே முறியலாம். இரும்பு ஸ்பைக் உள்ள ஷூ வேண்டாம், பிளாஸ்டிக் குமிழ் போதும். பல் காப்பு கட்டாயமில்லாத இடங்களிலும் போட்டுக்கொள்வது நல்லது.

2. மைதானம்

முழு அளவு 70 யார்டு நீளம், 25 யார்டு அகலம். மீட்டரில் ஏறக்குறைய 64-க்கு 23. இரண்டு முனையிலும் 10 யார்டு எண்ட் ஸோன் (புள்ளி எடுக்கப் பந்தோடு போய்ச் சேர வேண்டிய பகுதி), நடுவில் ஆடுவதற்கு 50 யார்டு. முழு அளவு சாக்கர் மைதானம் இருந்தால் அதன் பாதியில் குறுக்காகப் போட்டால் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். நீளமான எட்டு ஒன்றை ஒரு யார்டு என்று வைத்து அளந்து, மூலைகளிலும் நடுக்கோட்டிலும் எண்ட் ஸோன் கோடுகளிலும் கோன் வையுங்கள். பல ஊர்களில் மைதானத்தை நகரப் பூங்காத் துறையிடம் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும். முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

3. பந்தை எறிவது

மோதிர விரலும் சுண்டு விரலும் பந்தின் மேல் தைத்திருக்கும் லேஸ் மேல் இருக்கட்டும். ஆள்காட்டி விரல் லேஸைத் தாண்டி, பந்தின் பின்நுனிக்குப் பக்கத்தில். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே சிறு இடைவெளி வேண்டும். வலது கைக்காரர் என்றால் இடது தோள் இலக்கைப் பார்க்க நில்லுங்கள். பந்து காது உயரத்தில் இருக்கட்டும். இடது காலை முன்னே வைத்து, முழங்கையைத் தோளுக்குக் கீழே இறங்கவிடாமல் எறியுங்கள். கடைசியாகப் பந்தைவிட்டுப் பிரிவது ஆள்காட்டி விரல். எறிந்து முடித்ததும் கட்டைவிரல் கீழ்நோக்கி, கை இடது இடுப்புப் பக்கம் வந்து நிற்க வேண்டும். பந்து திருகாணிபோலச் சுழன்று போனால் எல்லாம் சரி.

கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள் இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். ஃபீல்டிங்கில் பந்தைப் பக்கவாட்டில் வீசிப் பழகிய கை இங்கேயும் தாழத்தான் இறங்கும். பந்து தள்ளாடிக்கொண்டு போகும். முதலில் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி 5 யார்டு தூரத்திலிருந்து மெதுவாக எறியுங்கள். அப்புறம் நின்று 10 யார்டு. பலத்தைக் காட்டுவதெல்லாம் பிறகு.

4. பிடிப்பது

பந்து மார்புக்கு மேலே வந்தால் இரண்டு கட்டைவிரலும் ஒட்டியிருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டு விரல்கள் ஒட்டியிருக்க வேண்டும். கையை உடம்புக்கு முன்னால் நீட்டி விரல்களால் பிடியுங்கள். மார்பில் பட்டால் எகிறிப் போய்விடும். கையில் அடங்கும் வரை பந்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

5. ஃப்ளாக் பிடுங்குவது

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் எறிவதையும் பிடிப்பதையுமே பழகுகிறார்கள். என் அனுபவத்தில் ஆட்டத்தைத் தீர்மானிப்பது இதுதான். ஃப்ளாக் பிடுங்கத் தெரியாத அணிக்கு எதிராக ஒரு சின்ன பாஸ்கூட டச் டவுன் ஆகிவிடும், அதாவது பந்து எண்ட் ஸோனுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். முதல் நாள் பயிற்சியில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள்.

எதிராளியின் தலையையோ தோளையோ பார்க்காதீர்கள். அவை பொய் சொல்லும். இடுப்பைப் பாருங்கள். ஆள் எந்தப் பக்கம் போனாலும் இடுப்பு கூடவே போய்த்தான் ஆக வேண்டும். வேகமாக நெருங்குங்கள், ஆனால் மூன்று யார்டு இருக்கும்போது எட்டுகளைச் சிறிதாக்கி, முழங்காலை மடக்கித் தாழுங்கள். பாய்ந்து விழாமல் கால் தரையில் இருக்கும்போதே ஃப்ளாக்கின் மேல்பகுதியைப் பிடித்துக் கீழே இழுங்கள். சட்டையைப் பிடித்தால் தண்டனை. கபடி ஆடியவர்களுக்கு இந்தத் தாழ்ந்த நிலை சீக்கிரம் கைவரும், பிடித்துத் தள்ளும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும்.

பயிற்சிக்கு 10-க்கு 10 யார்டு கட்டம் போடுங்கள். ஒருவர் பந்தோடு எதிர்ப்பக்கம் போகப் பார்க்கட்டும், ஒருவர் தடுக்கட்டும். பந்தோடு ஓடுபவர் கையால் ஃப்ளாக்கை மறைக்கக் கூடாது, எதிராளியின் கையைத் தட்டிவிடவும் கூடாது. இடுப்பை வளைத்து நழுவலாம். அதை எப்படிச் செய்வது என்று பார்க்க மெக்சிகோவின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டயானா ஃப்ளோரஸ் ஆடும் வீடியோக்களைத் தேடுங்கள். 2022 வேர்ல்டு கேம்ஸ் பெண்கள் இறுதிப் போட்டியில் அவருடைய அணி அமெரிக்காவை, அதுவும் அலபாமாவின் பர்மிங்ஹாமிலேயே, 39-6 என்று வென்றது.

6. விதிகள்

உங்கள் அணி தன் 5 யார்டு கோட்டிலிருந்து தொடங்கும். நடுக்கோட்டைத் தாண்ட 4 வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். தாண்டிவிட்டால் டச் டவுன் அடிக்க இன்னும் 4. முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு, அவர்களுடைய 5 யார்டு கோட்டில். என்எஃப்எல்லில் 4 டவுனுக்குள் 10 யார்டு போக வேண்டும். கணக்குதான் வேறு, தவிப்பு ஒன்றுதான். மூன்றாவது டவுனில் நீங்களே பந்தோடு நின்று பார்த்த பிறகு ஞாயிற்றுக்கிழமை டிவியில் வரும் மூன்றாவது டவுன் தனியாகப் புரியும்.

ஒவ்வொரு டவுனும் பந்து இருக்கும் கோட்டிலிருந்து தொடங்கும். அங்கே நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் தருவார், குவாட்டர்பேக் வாங்குவார். குவாட்டர்பேக் தானே பந்தோடு அந்தக் கோட்டைத் தாண்டி ஓடக் கூடாது. எறியலாம், அல்லது இன்னொருவர் கையில் கொடுக்கலாம். எதிரணியில் அந்தக் கோட்டிலிருந்து 7 யார்டு தள்ளி நிற்பவர் மட்டுமே குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரலாம். அவருக்குப் பெயர் ரஷர். நடுக்கோட்டுக்கும் எண்ட் ஸோனுக்கும் முந்தைய 5 யார்டில் பாஸ் மட்டுமே, ஓட்டம் கிடையாது. பந்து தரையில் விழுந்தால் அந்த டவுன் அங்கேயே முடிந்தது, அதன் மேல் யாரும் விழுந்து புரள வேண்டாம். உதைப்பதும் இல்லை.

டச் டவுனுக்கு 6 புள்ளி. அதன் பிறகு 5 யார்டிலிருந்து இன்னொரு முறை எண்ட் ஸோனை எட்டினால் 1, 10 யார்டிலிருந்து எட்டினால் 2. இரண்டு பாதி, தலா 20 நிமிடம்.

7. முதல் ஆட்டத்துக்கு ஒரே ஒரு திட்டம்

இருபது திட்டம் எழுதிக்கொண்டு வராதீர்கள். இது ஒன்று போதும்: இடது ஓரத்தில் நிற்பவர் நேராகத் தலைதெறிக்க ஓடட்டும். வலது ஓரத்தில் நிற்பவர் மூன்று எட்டு முன்னே போய் உள்பக்கமாகச் சாய்வாக வெட்டட்டும்; அதற்கு ஸ்லாண்ட் என்று பெயர். நான்காமவர் 5 யார்டு ஓடித் திரும்பி நிற்கட்டும். சென்டர் பந்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்காமல் மெதுவாக வலது பக்கம் நழுவட்டும். அவரும் பாஸ் வாங்கலாம் என்பதை எதிரணி மறந்தே போகும். குவாட்டர்பேக் முதலில் ஸ்லாண்டைப் பார்க்கட்டும், அடுத்து திரும்பி நிற்பவரை, கடைசியில் சென்டரை.

தடுக்கும்போது ஆளுக்கொரு ஆளைத் துரத்தாமல் இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்: முன்னால் இருவர், ஆழத்தில் இருவர், ஒருவர் ரஷர். புதியவர்கள் ஆளைத் துரத்தினால் குறுக்கே ஓடி ஒருவரோடொருவர் மோதுவார்கள். காயங்கள் வருவது பெரும்பாலும் அப்படித்தான்.

8. அடுத்து

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் காலையில் குடும்பங்களும் நண்பர்களும் பூங்காவில் ஆடும் டர்க்கி பவுல் ஆட்டத்துக்கு யாராவது கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். ஆடிவிட்டு வந்தால் அன்றைய டெட்ராய்ட் லயன்ஸ், டல்லாஸ் கவ்பாய்ஸ் ஆட்டங்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் நாளிலும் அந்த இரண்டு என்எஃப்எல் அணிகளும் தனித்தனி ஆட்டங்களில் ஆடும்.

ஊர் லீகில் சேர நினைத்தால் முழு அணி கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பல இடங்களில் தனி ஆளாகப் பதிவு செய்துகொள்ளலாம், அவர்களே ஒரு அணியில் சேர்த்துவிடுவார்கள். பணம் கட்டுவதற்கு முன் இதை மட்டும் கேளுங்கள்: ஐவர் ஆட்டமா எண்மர் ஆட்டமா, உடம்பால் மறித்து நிற்க அனுமதி உண்டா, ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் பிரிவில் தனி விதிகள் என்ன. மறித்து நிற்கலாம் என்று சொல்லும் லீகில் மோதல் கூடுதலாக இருக்கும். முதல் பருவத்துக்கு அது வேண்டாம்.