கூடாரம் அடிக்கும் முன் அண்ணாந்து பாருங்கள்

பெருநகரை ஒட்டிய வனப் பூங்காக்களில் முகாமிடப் போகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். இடம் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியமான வேலை.

தரைக்கு முன் மேலே பாருங்கள். இலையின்றி, பட்டை உரிந்து வெளுத்த கிளை பட்டுப்போனது. காற்றில்லாத இரவிலும் முறிந்து விழலாம். எவ்வளவு நல்ல இடமானாலும் அதன் அடியில் வேண்டாம். சருகுகள் வரிசையாக ஒதுங்கிக் கிடந்தால் அது மழைநீர் ஓடிய தடம்; அங்கும் கூடாரம் வேண்டாம். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்துக்கு வெளியே துளியும் நீட்டியிருக்கக் கூடாது. நீட்டியிருந்தால் மழைநீரை ஏந்தி உங்கள் படுக்கைக்கு அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கும். ஓரங்களை உள்பக்கம் மடித்துவிடுங்கள்.

காரில் இழுத்துவரும், உள்ளேயே தங்கும் வசதியுள்ள கேம்பர் வண்டியென்றால், காரிலிருந்து கழற்றும் முன்பே சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கிளைகள் கூரையில் உரசுகின்றனவா என்று ஒருவர் இறங்கி நின்று பார்க்கட்டும்.

வீட்டிலிருந்து விறகு மட்டும் தயவுசெய்து எடுத்துப் போகாதீர்கள். பட்டைக்கு அடியில் மரம் துளைக்கும் புழுக்கள் இருக்கலாம். வட அமெரிக்காவில் 2002இல் கண்டறியப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் என்ற, ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் வண்டு புதிய காடுகளுக்குப் பரவ, இப்படி எடுத்துச் சென்ற விறகும் ஒரு காரணம். பூங்காவுக்கு அருகிலேயே வாங்கி, அங்கேயே எரித்துத் தீர்த்துவிடுங்கள்.