தெருவிளக்குக்கு நடுவே வானம் பார்ப்பது: ராமநாதபுரம் கடற்கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயல்குடியிலிருந்து மண்டபம் வரை கடற்கரையில் எங்கே நின்று தெற்கே திரும்பினாலும் மன்னார் வளைகுடாதான். அந்தப் பக்கம் நகரம் கிடையாது, நெடுஞ்சாலை கிடையாது. இப்படி ஒரு தெற்கு வானம் சென்னைக்காரர்களுக்கு வாய்க்காது. அப்படியிருந்தும் "எங்க ஊர்ல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது" என்று சொல்கிறவர்கள் இங்கே நிறைய. பெரும்பாலும் குறை வானத்தில் இல்லை. வீட்டுக்கு எதிரே எரிகிற ஒரே ஒரு விளக்கில் இருக்கிறது.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. வெளிச்சத் தொல்லை இரண்டு வகை. ஊர் வெளிச்சம் மேலே போய், காற்றிலுள்ள தூசியிலும் உப்பு ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானத்தையே சாம்பல் பூசியதுபோல் ஆக்குவது ஒன்று. விளக்கு நேராகக் கண்ணில் அடித்து, கண்ணைக் கூசவைப்பது இன்னொன்று. முதலாவதைத் தனி ஆளாக ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதை ஒரு கிடுகுத் தட்டியால் சரிசெய்துவிடலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு "வானமே கெட்டுப்போச்சு" என்று தொலைநோக்கியை மூட்டை கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. சோதிப்பது சுலபம். விளக்கு கண்ணில் படாதபடி ஒரு சுவரின் நிழலில் போய் நின்று, கால் மணி நேரம் கழித்து மேலே பாருங்கள். நட்சத்திரங்கள் கூடியிருந்தால் உங்கள் எதிரி கண்கூச்சம்தான். இதை அமாவாசையை ஒட்டிய இரவில் செய்ய வேண்டும். நிலா இருக்கும் நாளில் செய்துவிட்டுத் தெருவிளக்கைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

மாடிக்கு ஓடுவது அடுத்த தவறு. உயரம் கூடினால் வானம் நன்றாகத் தெரியும் என்று தோன்றும். ஆனால் ஒரு தளம் கட்டிய வீட்டின் மொட்டை மாடியில் நின்றால், தெருக்கம்பத்து விளக்கு ஏறக்குறைய உங்கள் கண் மட்டத்துக்கு வந்துவிடும். கீழே முற்றத்தில், சுவரை ஒட்டி நின்றால் அதே விளக்கு மறைந்துபோகும். மாடியைத் தவிர வேறு இடமே இல்லையென்றால், கைப்பிடிச் சுவருக்குக் கீழே தாழ்ந்த நாற்காலி போட்டு உட்காருங்கள். கறுப்புத் துண்டைத் தலையோடு சேர்த்துத் தொலைநோக்கியின் கண்வைக்கும் பகுதிமேல் போர்த்திக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்கள் என்னவோ நினைக்கட்டும், அந்தத் துண்டு செய்கிற வேலையை விலை உயர்ந்த கருவிகூடச் செய்யாது. சுவருக்கு வெள்ளையடித்திருந்தால் அதுவே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். சுவருக்கு முதுகு காட்டி உட்காருவது நல்லது. தட்டி கட்டுவதானால் நன்றாக இழுத்துக் கட்டுங்கள், கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் சும்மா சாத்திய தட்டி நிற்காது.

எந்தத் திசை விளக்கை முதலில் மறைப்பது? பலர் பிரகாசமான விளக்கைத் தேடுகிறார்கள். நான் தெற்கே இருக்கிற விளக்கைத்தான் முதலில் சொல்வேன். இந்தக் கரை நிலநடுக்கோட்டிலிருந்து 9 டிகிரிக்குச் சற்று வடக்கே இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் வடக்கே தொடுவானத்திலிருந்து வெறும் 9 டிகிரி உயரத்தில் கிடக்கும். தெற்கே நிலைமை தலைகீழ். அகத்திய நட்சத்திரம் என்று நாம் சொல்லும் கனோபஸ் 28 டிகிரி வரை ஏறும். திரிசங்கு, அதாவது தென்சிலுவை, சுமார் 20 டிகிரி ஏறும். டெல்லியில் இருப்பவருக்கு அது தொடுவானத்தை உரசிக்கொண்டு போகும், அவ்வளவுதான். நம் பால்வீதியின் மிகப் பெரிய உருண்டை விண்மீன் கொத்தான ஒமேகா சென்டாரி இங்கே 33 டிகிரிக்கு வரும். கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் அந்த ஒரு முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அப்படியானால் திரிசங்கு இரண்டு முட்டி உயரத்தில்தான் நிற்கும். தெருக்கம்பத்து விளக்கின் உயரமும் அதை ஒட்டித்தான் வரும். தெற்கே ஒரு கம்பம் இருந்தால் நம் கரையின் தனிச்சொத்து அத்தனையும் அதன் பின்னால் போய்விடுகிறது.

திரிசங்கு ஏப்ரல் கடைசியில் இரவு 10 மணி வாக்கில் நேர் தெற்கே நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடலின்மேல் படகு வெளிச்சம் குறைந்திருக்கும் அந்த வாரங்களை விட்டுவிடாதீர்கள்.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாக. கண் நன்றாக இருட்டுக்குப் பழகக் குறைந்தது 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு தடவை போனைப் பார்த்தால் அது பாழ். டார்ச்சில் ஒரே ஒரு சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிவிட்டுப் போதும் என்று நினைப்பதும் தவறுதான், பிரகாசமான சிவப்பும் கண்ணைக் கெடுக்கும். நான்கைந்து மடிப்பு ஒட்டி, எழுத்தைப் படிக்க மட்டும் போதுமான அளவுக்கு மங்கலாக்குங்கள். பைக் வெளிச்சம் வரும்போது தொலைநோக்கியில் பார்க்கும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணும் தனித்தனியாகத்தான் பழகுகின்றன.

இனி பக்கத்து வீடு. நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி "லைட்ட அணைங்க" என்று கேட்டால் யாருக்கும் கோபம்தான் வரும். அந்த விளக்கு எதற்காக எரிகிறது என்று முதலில் யோசிக்க வேண்டும். கடலோரத்தில் இரவு 2, 3 மணிக்குத் தொழிலுக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கருவேலங்காட்டு ஓரத்து வீடுகளில் பாம்பு பயம் நிஜம். கணவர் வெளிநாட்டில் இருக்க, பிள்ளைகளோடு தனியாக இருக்கும் பெண்ணுக்கு வாசல் விளக்கு ஒரு துணை. நம் பொழுதுபோக்குக்காக அவர்கள் பயத்தோடு இருக்க வேண்டியதில்லை. அதனால் அணைக்கச் சொல்லாதீர்கள், திருப்பச் சொல்லுங்கள். பகலில் போய், "அண்ணே, இந்த ஃபோகஸ் லைட்டக் கொஞ்சம் கீழ பார்த்தாப்புல திருப்பிக்கலாமா? உங்க வாசல்ல வெளிச்சம் இன்னும் நல்லா விழும்" என்று கேட்டால் பெரும்பாலும் நடந்துவிடும். அது உண்மையும்கூட. நிமிர்ந்து நிற்கும் ஃபோகஸ் லைட் பாதி வெளிச்சத்தை நம் மாடிக்கும் வானத்துக்கும் அனுப்புகிறது, அவர்கள் வாசலில் இருட்டு மூலைகளை விட்டுவைக்கிறது. ஒரு நாள் அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சனியின் வளையத்தைக் காட்டுங்கள். அப்புறம் விளக்கைத் திருப்பும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பல்பு மாற்றிக் கொடுக்க நினைத்தால் டப்பாவைப் படியுங்கள். 6500கே (கே என்பது கெல்வின், ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று போட்ட பளீர் வெள்ளையில் நீலம் அதிகம், நீல ஒளிதான் காற்றில் அதிகமாகச் சிதறும். 2700 அல்லது 3000கே மஞ்சள் பல்பைக் குறைந்த வாட்டில் வாங்கிக் கொடுங்கள். எல்இடியைத் தகரத்தால் இறுக்கமாக மூடிவிடாதீர்கள், காற்றோட்டம் இல்லாமல் சீக்கிரம் பழுதாகும்.

தெருவிளக்கு விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கல்லெறிவது, கம்பத்தில் ஏறுவது, ஃபியூஸைப் பிடுங்குவது எதுவும் கூடாது. சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. மின்வாரிய அலுவலகத்தில் போய்ச் சண்டை போடுவதும் வீண். தெருவிளக்கின் பராமரிப்பு ஊராட்சியின் கையில், நகரமென்றால் நகராட்சியின் கையில். கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு மனு எழுதுங்கள். "விளக்கு வேண்டாம்" என்று எழுதினால் ஊரே உங்களுக்கு எதிராக நிற்கும். "இந்த விளக்கு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, கிடைமட்டமாக்கி வீட்டுப் பக்கம் மறைப்புத் தகடு வையுங்கள்" என்று எழுதினால் ஒரு லைன்மேன் அரை மணி நேரத்தில் முடித்துவிடும் வேலை அது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் எழுந்து கேட்கலாம். கடற்கரையை ஒட்டிய ஊரானால் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமை என்ற கடலாமையையும் சேர்த்துச் சொல்லுங்கள். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பி நகர்கின்றன. கரையில் விளக்கு இருந்தால் ஊருக்குள் ஏறிச் சாகின்றன. நட்சத்திரத்துக்காகச் செவிசாய்க்காதவர்களும் அதற்காகச் செவிசாய்ப்பார்கள். படகு கரையேற அடையாளமாக இருக்கும் விளக்குகளை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

ஃபில்டர் வாங்குவது பற்றி: பழைய ஒளிமாசு ஃபில்டர்கள் சோடியம், பாதரச விளக்குகளின் குறிப்பிட்ட நிறங்களை வெட்டத்தான் செய்யப்பட்டவை. எல்இடி எல்லா நிறத்திலும் ஒளிர்வதால் அவை பெரிதாக உதவாது. ஓரியன், கரீனா போன்ற ஒளிரும் நெபுலாக்களுக்கு, அதாவது வாயு மேகங்களுக்கு, அவற்றின் நிறங்களை மட்டும் உள்ளே விடும் யுஹெச்சி அல்லது ஆக்சிஜன்-3 ஃபில்டர் நிச்சயம் பலன் தரும். விண்மீன் கொத்துக்கோ கேலக்ஸிக்கோ தராது. கண்கூச்சத்தை எந்த ஃபில்டரும் தீர்க்காது.

சரி, ஊரை விட்டு வெளியே போய்விடலாம் என்றால், தனுஷ்கோடியை மனதில் வைத்துக் கிளம்பாதீர்கள். அரிச்சல்முனைச் சாலையில் மாலைக்குப் பிறகு வாகனங்களை விடுவதில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, அனுமதியின்றி இறங்கக்கூடாது. ஆடி அமாவாசை, தை அமாவாசை இரவுகளில் ராமேஸ்வரம் கூட்டத்தாலும் விளக்காலும் நிறைந்திருக்கும், அன்றைக்கு வேறு கரையைப் பாருங்கள். எந்தக் கரைக்குப் போனாலும் பச்சை லேசரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது, விமானி கண்ணில் லேசர் பட்டால் விபரீதம். கடலை நோக்கி டார்ச் அடிப்பதும் இந்த எல்லைக் கரையில் சந்தேகத்தைக் கிளப்பும். பகலிலேயே கடலோரக் காவல் நிலையத்தில் தொலைநோக்கியைக் காட்டி, எந்த இடம், எத்தனை மணிவரை, எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு அடையாள அட்டையோடு போங்கள்.