எந்த நூற்றுக்கு?

2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் வவ்வால் வழி பரவும் நிபா வைரஸ் என்று செய்தி வந்த அன்று, கம்பத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர் காலையில் வாங்கிய பன்னீர் திராட்சையை அப்படியே குப்பையில் கொட்டினார். "நூத்துக்கு எழுபது பேர் செத்துருவாங்களாம்பா!"

எண்ணில் பெரிய பிழையில்லை. உலக சுகாதார நிறுவனமே 40 முதல் 75 சதவீதம் என்கிறது. ஆனால் அது தொற்று வந்தவர்களில் நூற்றுக்கு. ஊரில் நூற்றுக்கு அல்ல. அந்த முறை தொற்று உறுதியானவர்கள் ஆறு பேர், இறந்தவர்கள் இரண்டு பேர். வந்தால் பிழைப்போமா என்பது ஒரு கேள்வி, வருமா என்பது வேறு கேள்வி. 2018-ல் கேரளத்தில் நிபா பரவியபோதுகூட அது பெரும்பாலும் மருத்துவமனைகளில், நோயாளியை நெருங்கி இருந்தவர்களுக்கே தொற்றியது. பழத்தில் வவ்வால் கடித்ததை ஒதுக்கினால் போதும். திராட்சை என்ன பாவம் செய்தது?

புகையிலையும் பதப்படுத்திய இறைச்சியும் 2015 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்க் காரணிகளின் ஒரே பட்டியலில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்பதும் தவறு. அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு உறுதி என்றுதான் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு என்றல்ல. இதில் குழப்பத்துக்குப் பாதிப் பொறுப்பு விஞ்ஞானிகளுடையது.

நம் பக்கத்தில் அதிகம் கெடுப்பது பூச்சிமருந்து டப்பாவில் விஷத்தின் கடுமையை நிறத்தால் காட்டும் முக்கோணம். (விஷத்துக்கு 'மருந்து' என்று பேர் வைத்தவர்கள் நாம்.) சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. விழுங்கினால் உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள்ளேயே சோதனை விலங்குகளில் பாதி செத்துவிடும் என்றால் சிவப்பு. அதற்கு 5000-க்கு மேல் தேவைப்பட்டால் பச்சை. ஒரே தடவை உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்கான கணக்கு அது. பத்து வருடம் தினமும் புகைபோலச் சுவாசித்தால் என்ன ஆகும் என்று அந்த நிறம் சொல்லாது. "பச்சதான், ஒண்ணும் பண்ணாது" என்று முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் அடிப்பவர்களைக் குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். நீலம் நடுத்தரம் என்பதால் கையுறை வேண்டாம் என்பதும் இதே கதைதான்.

போன மாதம் விடியலில் மலையேறிய ஜீப்பில், ஒரு பாட்டியின் காலடியில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருந்தது. லேபிள் பாதி கிழிந்திருந்தாலும் பச்சை முக்கோணம் தெரிந்தது. உள்ளே குடிதண்ணீர்.