பாரிஸ், லிஸ்பன் பக்கம் போறவங்களுக்கு: பூட்டிக் ஹோட்டல்ல நல்ல ரூமா புடிக்கிறது எப்படி

பாண்டி வைட் டவுன்ல பிரெஞ்சுக்காரங்க காலத்து வீடு ஒண்ண ஹோட்டலா மாத்தி இருந்தாங்க, அதுல ஆறு வருஷம் ரிசப்ஷன்ல வேலை பாத்தேன். மொத்தமே பன்னெண்டு ரூம் தான், இந்த மாதிரி சின்னதா, தனி அழகோட இருக்குற இடத்த தான் பூட்டிக் ஹோட்டல்னு சொல்றாங்க. நடுவுல முற்றம், காகிதப்பூ கொடி, மாடிக்கு மரப்படி, பாக்க அவ்ளோ அழகு. ஆனா வெப்சைட்ல இருந்த போட்டோ எல்லாமே 3ம் நம்பர்லயும் 7ம் நம்பர்லயும் எடுத்தது. கம்மி ரேட்ல புக் பண்ணி வர்றவங்களுக்கு போறது 11, அது பின்பக்கம், ஜன்னல திறந்தா பக்கத்து வீட்டு ஜெனரேட்டர். போட்டோ எடுக்க வந்தவர் எப்படி எடுத்தாருன்னு பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், பாத்ரூம் கதவ திறந்து வெச்சு, உள்ள வாஷ்பேசின்ல முதுக சாய்ச்சுகிட்டு நின்னு, அகலமா காட்டுற லென்ஸ் போட்டு எடுத்தாரு, எட்டடி ரூம் கல்யாண மண்டபம் மாதிரி தெரிஞ்சுது.

இவ்ளோ தெரிஞ்சும் 2022 ஜூன்ல அம்மாவ கூட்டிகிட்டு பாரிஸ் போனப்ப நானே மாட்டினேன். பெரியம்மா பேத்தி கல்யாணம், சொந்தக்காரங்க வீடெல்லாம் ஆளுங்க நெறஞ்சு போச்சு, சரி நாலு நாள் ஒரு சின்ன அழகான ஹோட்டல்ல இருப்போம்னு போட்டோல இருந்த பால்கனிய நம்பி புக் பண்ணேன். லிஃப்ட் அஞ்சாவது மாடியோட நின்னுடுச்சு, எங்க ரூம் அதுக்கும் மேல, கூரைக்கு அடில. வளைஞ்சு போற மரப்படி, ஒரு ஆள் தான் ஏறலாம். அம்மா ஆறு படி ஏறிட்டு முட்டிய புடிச்சுகிட்டு அங்கயே உக்காந்துட்டாங்க, பெட்டி எனக்கு மேல, அம்மா எனக்கு கீழ, நான் நடுவுல. பால்கனி வேற யாரோட ரூம்லயோ இருந்துச்சு.

அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு தான், பூட்டிக் ஹோட்டல்ல ஹோட்டல பாத்து காசு கட்டாதீங்க, எந்த ரூம்னு கேட்டுட்டு கட்டுங்க. பெரிய செயின் ஹோட்டல்ல ஒரு ரூம பாத்தா மத்ததையும் பாத்த மாதிரி தான். பழைய வீட்ட மாத்தின ஹோட்டல்ல ஒரே மாடில பக்கத்து பக்கத்து ரூமே வேற வேற சைஸ். பூட்டிக்ங்கிறது அரசாங்கம் குடுக்குற பட்டமும் கிடையாது, யார் வேணா போட்டுக்கலாம். பிரான்ஸ்ல ஸ்டாருக்கு மட்டும் முறையான கணக்கு இருக்கு, மூணு ஸ்டார்னா ரெண்டு பேர் ரூம் 13.5 சதுர மீட்டர், நாலு ஸ்டார்னா 16 இருக்கணும். 13.5ங்கிறது நம்ம கணக்குல சுமார் 145 சதுர அடி, அதுவும் பாத்ரூமையும் சேத்து.

நம்பர படிச்சா மனசுல பதியாது, அதனால இத செய்ங்க. மொட்டைமாடிக்கு போய் சாக்பீஸ்ல நாலு மீட்டருக்கு மூணு மீட்டர் ஒரு கட்டம் போடுங்க, இது 12 சதுர மீட்டர், பாரிஸ்ல சின்ன ரூம்னா இப்படித்தான் இருக்கும். மூலைல ஒன்றரைக்கு ரெண்டு மீட்டர் பாத்ரூமுக்கு போயிடும். கட்டிலுக்கு 1.6க்கு 2 மீட்டர் வரைங்க. அப்புறம் வீட்ல இருக்குற பெரிய சூட்கேஸ எடுத்துட்டு வந்து மிச்ச இடத்துல படுக்க வெச்சு திறங்க, ரெண்டாவது பெட்டியையும் திறக்க பாருங்க. இத செஞ்சப்புறம் என் தங்கச்சி பெரிய பெட்டியே எடுத்துட்டு போகல. கட்டில் சைஸையும் கேட்டுடுங்க, பிரான்ஸ்ல டபுள் பெட்னு சொல்லிட்டு 140 சென்டிமீட்டர், அதாவது நாலரை அடி அகலம் குடுக்குற இடம் நெறைய இருக்கு, ரெண்டு பெரியவங்களுக்கு அது பத்தாது. அம்மாவும் பொண்ணும், இல்ல ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் போறீங்கன்னா ட்வின், அதாவது ரெண்டு தனி கட்டில்னு தெளிவா எழுதி வாங்குங்க.

நம்ம ஆளுங்க பண்ற பெரிய தப்பு ஆள் கணக்கு. இங்க ரெண்டு பேர் ரூம்ல ஒரு எக்ஸ்ட்ரா பெட் போட்டு மூணு, நாலு பேர் படுத்துக்குவோம், ரிசப்ஷன்ல சொன்னா பாய் குடுப்பாங்க. அங்க ரெண்டு பேர் ரூம்னா ரெண்டு பேர் தான், பையனுக்கு பதினாலு வயசு கூடவே படுத்துக்குவான்னு வந்து நின்னா இன்னொரு ரூம் எடுக்க சொல்லிடுவாங்க, அந்த நேரத்து விலைல. ட்ரிப்பிள் ரூம், இல்ல நடுவுல கதவு இருக்குற ரெண்டு ரூம்னு முன்னாடியே தேடுங்க.

மாடி விஷயத்துக்கு வரேன். லிஃப்ட் இருக்குன்னு போட்டிருந்தா மட்டும் போதாது, ரூம் வாசல் வரைக்கும் போகுதா, தெருவுல இருந்து லிஃப்டுக்கு எத்தன படின்னு கேளுங்க, ஏன்னா பழைய கட்டடத்துல படிக்கட்டு நடுவுல இருக்குற ஓட்டைல லிஃப்ட செருகி இருப்பாங்க, ஒரு ஆளும் ஒரு பெட்டியும் போனா ஜாஸ்தி. ஆம்ஸ்டர்டாம்ல இன்னும் கஷ்டம், கால்வாய் ஓரத்து வீடுங்க குறுகல், படி ஏணி மாதிரி செங்குத்தா இருக்கும், மேஜை கட்டில் எல்லாம் படி வழியா போகாதுன்னு தான் வீட்டு உச்சில கொக்கி வெச்சு கயிறு கட்டி ஜன்னல் வழியா ஏத்துறாங்க, போனா அண்ணாந்து பாருங்க நெறைய வீட்டுல அந்த கொக்கி இருக்கும். முட்டி வலிக்காரங்க இருந்தா அங்க கால்வாய் வீடு வேணாம்னு தான் சொல்வேன்.

கூரைக்கு அடி ரூம்ல இன்னொரு தொல்லை வெயில். பாரிஸ் கூரைங்க முக்காவாசி துத்தநாக தகடு, போட்டோல சாம்பல் கலர்ல அழகா தெரியும். உள்ள படுத்தா கத்திரி வெயில்ல தகர ஷீட் வீட்டுக்குள்ள இருக்குற மாதிரி தான். 2019 ஜூலை 25ம் தேதி பாரிஸ்ல 42.6 டிகிரி அடிச்சுது, நம்ம கடலூர்லயே அப்படி அடிச்சா பேப்பர்ல போடுவாங்க. இருந்தாலும் அங்க சின்ன ஹோட்டல் எல்லாத்துலயும் ஏசி இருக்காது. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் போறவங்க ஏசி இருக்கான்னு மட்டும் கேக்காம என்னோட ரூம்ல இருக்கா, நானே குறைச்சு கூட்டிக்கலாமான்னு கேளுங்க.

பாண்டில பொறந்தவங்களுக்கு ‘ரூ’ன்னா தெருன்னு சொல்லித்தர வேணாம், தெருமுனை போர்டுல படிச்சே வளந்தோம். அதோட ‘கூர்’னு ஒரு வார்த்தையும் தெரிஞ்சுக்கோங்க, முற்றம். பிரெஞ்சு ஹோட்டல் ரூம் ஒண்ணு ரூ பக்கம் பாத்து இருக்கும், இல்ல கூர் பக்கம். தெரு பக்கம்னா காட்சி, வெளிச்சம், ராத்திரி கீழ இருக்குற பார்ல நாற்காலி இழுக்குற சத்தம் எல்லாம் சேந்து வரும். முற்றம் பக்கம் அமைதி, ஆனா சில இடத்துல எதிர் சுவர தவிர ஒண்ணும் தெரியாது. நான் எப்பவும் முற்றம் பக்கம் மேல் மாடி கேப்பேன், வெளிச்சமும் வரும் தூக்கமும் வரும். தெரு பக்கம் தான் வேணும்னா இரட்டை கண்ணாடி ஜன்னலான்னு கேட்டுக்கோங்க.

பாத்ரூம். இது சொல்ல கூச்சமா இருக்கும் ஆனா சொல்லித்தான் ஆகணும், டிசைன் ஹோட்டல்னு பேர் வாங்கின பல இடத்துல பாத்ரூமுக்கு முழு கதவே இருக்காது, வெறும் கண்ணாடி தடுப்பு, சில இடத்துல கட்டில் பக்கத்துலயே குளிக்கிற தொட்டி. புருஷன் பொண்டாட்டி போனா அவங்க இஷ்டம், மாமியாரோடயோ வளந்த பிள்ளையோடயோ ஒரே ரூம்னா முடியாத காரியம். போட்டோல பாத்ரூம் கதவு தெரியலன்னா இருக்கான்னு எழுதி கேளுங்க. வயசானவங்களுக்கு தொட்டிக்குள்ள கால தூக்கி வெச்சு குளிக்கிறது ஆபத்து, தரையோட தரையா ஷவர் இருக்குற ரூம் கேளுங்க. தண்ணி பைப் டாய்லெட் பக்கத்துல இருக்காது, ஒரு சின்ன மக்கு பெட்டிலயே போட்டுக்கோங்க. இத்தாலில மட்டும் 1975ல வந்த விதிப்படி வீட்டு பாத்ரூம்ல பிடே, அதாவது உக்காந்து கழுவிக்கிற தொட்டி வெக்கணும், அந்த பழக்கத்துல ஹோட்டல்லயும் பெரும்பாலும் இருக்கும். கெட்டிலும் எல்லா ரூம்லயும் கிடையாது, காலைல காபி இல்லாம முடியாதவங்க அதையும் கேட்டுடுங்க.

ஏரியா பத்தி ரொம்ப குழப்பிக்க வேணாம். ஏர்போர்ட்ல இருந்து ஒரே வண்டில வந்து, இறங்கி பத்து நிமிஷத்துக்குள்ள நடந்து போற மாதிரி இருந்தா போதும். பாரிஸ்ல சார்ல் த கோல் ஏர்போர்ட்ல இருந்து ஆர்ஈஆர் பி ட்ரெயின் கார் து நோர், சான் மிஷெல், லுக்சம்பூர் எல்லாம் நேரா போகும், அந்த ஸ்டேஷன் ஏதாவது ஒண்ண சுத்தி தேடுங்க. மெட்ரோ மாறி மாறி வர்ற மாதிரி எடுக்காதீங்க, மெட்ரோல முக்காவாசி ஸ்டேஷன்ல படி தான், 14ம் நம்பர் லைன்ல எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இருக்கு. சோறு இல்லாம இருக்க முடியாதுன்னா கார் து நோர்ல இருந்து நடந்தாலே லா ஷப்பேல், ஈழத்தமிழர் கடைங்க வரிசையா இருக்கு, இடியாப்பம் சொதி கிடைக்கும், கொஞ்சம் தள்ளி பஜோல் தெருவுல மாணிக்க விநாயகர் கோயில். அம்மா அந்த கோயில்ல உக்காந்த அரை மணி நேரத்துல தான் ரூம் கவலைய மறந்தாங்க.

லிஸ்பன்ல பாய்ஷா ஏரியா சமதரை, அல்ஃபாமா மேடு, படி, கல்லு பதிச்ச ரோடு, பெட்டி சக்கரம் நிக்கும். பாய்ரு ஆல்ட்டோ ஏரியா சத்தம் ராத்திரி தூங்க விடாது. வெனிஸ்னா படகு நிக்கிற துறைக்கும் ஹோட்டலுக்கும் நடுவுல எத்தன பாலம்னு எண்ணுங்க, ஒவ்வொரு பாலமும் ஏறி இறங்குற படி. எந்த ஊரா இருந்தாலும் கூகுள் மேப்ல தெருப்படத்த (ஸ்ட்ரீட் வியூ) திறந்து ஸ்டேஷன்ல இருந்து ஹோட்டல் வாசல் வரைக்கும் விரலால நடந்து பாத்துடுங்க, கீழ பார் இருக்கா, படி இருக்கான்னு உங்க கண்ணுலயே படும். ரிவ்யூ படிக்கும்போது கம்மி மார்க் போட்டத முதல்ல படிங்க, அதுலயும் நீங்க எடுக்கப்போற ரூம் வகைல, நீங்க போற மாசத்துல தங்கினவங்க எழுதினத.

விசாவுக்கு ஹோட்டல் புக்கிங் காட்டணும், அதனால திருப்பி காசு குடுக்குற ரேட்டுலயே போடுங்க, விசா கைக்கு வந்தப்புறம் வேணும்னா மாத்திக்கலாம். புக்கிங்ல போறவங்க எல்லாரோட பேரும் பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே இருக்கட்டும், நம்ம இனிஷியல் குழப்பத்துல பாதி ஆளுங்களோட பேர் விட்டுப்போகும். ஊர் வரி தனி, லிஸ்பன்ல 2024 செப்டம்பர்ல இருந்து ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 4 யூரோ, ஆம்ஸ்டர்டாம்ல ரூம் விலைல 12.5 சதவீதம், நாலு பேர் நாலு நாள்னா கணக்கு போட்டு பாருங்க. கார்டு தேய்க்கும்போது மிஷின்ல ரூபாயா யூரோவான்னு கேக்கும், யூரோன்னு அமுக்குங்க, ரூபாய அமுக்கினா மாத்து விலைல நஷ்டம்.

கடைசியா, புக் பண்றதுக்கு முன்னாடி ஹோட்டலுக்கே ஒரு மெயில் போடுங்க. 2015ல பிரான்ஸ்ல வந்த சட்டப்படி புக்கிங் சைட் விலைய விட கம்மியா ஹோட்டல் தானே குடுக்கலாம், அதனால விலையும் கேக்கலாம். அஞ்சு வரி போதும்: நாங்க இத்தன பேர், அம்மாவுக்கு எழுபது வயசு, லிஃப்ட் போற மாடில ரூம் வேணும், முற்றம் பக்கம், எந்த ரூம் குடுப்பீங்க எத்தன சதுர மீட்டர். நான் ரிசப்ஷன்ல இருந்தப்ப இப்படி மெயில் வந்தா அந்த பேருக்கு பக்கத்துல பென்சில்ல ரூம் நம்பர் எழுதி வெச்சுடுவேன், 11ம் நம்பர் அவங்களுக்கு போகவே போகாது, ஏன்னா கேட்டவங்கள கஷ்டப்படுத்த யாருக்கும் மனசு வராது. ரூம் நம்பரோட பதில் வந்தா நல்ல இடம். மூணு நாள் ஆகியும் பதிலே வரலன்னா வேற ஹோட்டல் பாருங்க.

போய் சேந்ததும் பெட்டிய திறக்காதீங்க, ஷூவ கழட்டாதீங்க. ஜன்னல திறந்து மூடி பாருங்க, ஷவர திறந்து சுடுதண்ணி வருதா பாருங்க, கட்டில்ல ஒரு நிமிஷம் உக்காருங்க. சரியில்லன்னா உடனே கீழ போய் மெதுவா சொல்லுங்க, மூணு நாலு மணிக்கு இன்னும் ரெண்டு ரூம் காலியா இருக்கும், ஆறு மணிக்கு மேல இருக்காது. அம்மாவுக்கு அன்னைக்கு ரெண்டாவது மாடில ரூம் கிடைச்சது அப்படித்தான், பெட்டிய மேல கொண்டுபோகாம படியிலயே வெச்சுட்டு நான் இறங்கி போய் கேட்டேன்.